ஆவணங்களில் எழுத்துப் பிழை திருத்தி அனுப்புவது: உதவியா, தொந்தரவா?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஏதாவது ஒரு கையேட்டைப் படித்துக்கொண்டுதான் இருப்பேன். சமீபத்தில் ஒரு திறமூல பேக்கப் கருவியின் நிறுவல் பக்கத்தைப் படிக்கும்போது, ஆங்கிலச் சொல் ஒன்றில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. பக்கத்தின் ஓரத்தில் பென்சில் படம் இருந்தது. அழுத்தினேன், திருத்தினேன், புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை) அனுப்பினேன். மறுநாளே மூடிவிட்டார்கள். ஒற்றைச் சொல் திருத்தங்களை எடுப்பதில்லை என்று ஒரே ஒரு வரி பதில்.

எனக்குக் கோபம் இல்லை, ஆனால் காரணம் புரியவில்லை. பிழை இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிகிறது. திருத்தித் தரவும் ஆள் வந்தாயிற்று. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை திருத்துவது ஒரு பங்களிப்பாகக் கணக்கில் வருமா? வரும் என்றால் எப்படிச் செய்ய வேண்டும்? நிரல் எழுதுவது என் வேலை இல்லை. ஆவணத்தைப் படிப்பதுதான் என் வேலை. அதனால்தான் கேட்கிறேன்.

#2 பனையோலை

மனம் தளராதீர்கள் தம்பி. ஆவணத்தில் உள்ள பிழையை நிரலில் உள்ள பிழைக்குச் சமமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் மேன் பக்கம் (கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கம்) தவறாக இருந்தால் அது பிழைதான், பேச்சே இல்லை. கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்து எழுதுகிறவர்களுக்கு ஒரு பிழைக்கு 2.56 டாலர் என்று காசோலை அனுப்பினார். அச்சுப் பிழைக்கும் உண்டு. 2008இல் வங்கிக் காசோலையை நிறுத்திவிட்டுச் சான்றிதழாக மாற்றினாரே தவிர, பிழையைக் கேட்டு வாங்குவதை நிறுத்தவில்லை.

#3 கருந்திரை

மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் ஒரு சின்ன நூலகத்தைப் பராமரிக்கிறேன், சம்பளம் இல்லாமல், இரவு வேளையில். ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தால் அறிவிப்பு வரும், திறந்து பார்க்க வேண்டும், தானியங்கிச் சோதனை ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும், அனுப்பியவருக்குப் பதில் எழுத வேண்டும், இணைக்க வேண்டும். ஒரு எழுத்துக்கும் இதே வேலை, நூறு வரிக்கும் இதே வேலை.

ஹாக்டோபர்ஃபெஸ்ட் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2014இல் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய நிகழ்ச்சி. அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். 2020இல் எப்படிச் சுலபமாக வாங்கலாம் என்று ஒரு காணொளி பரவியது. அறிமுகக் கோப்பில் ஒரு பெயரடையைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளி வைப்பது என்று ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. மாதம் பிறந்த மூன்றாம் நாளே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2023இல் சட்டையையே நிறுத்தி டிஜிட்டல் பேட்ஜுக்கு மாறினார்கள். அந்த அலையில் நம் நாட்டு மாணவர்களின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. உண்மையிலேயே படித்துத் திருத்துகிறவர்களுக்கும் அந்தச் சந்தேகப் பார்வை இன்றுவரை கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைத்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் இதுவும் இருக்கும்.

குபெர்னெட்டிஸ் என்ற பெரிய திறமூலத் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியைப் படியுங்கள். அற்பத் திருத்தங்கள் என்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மனித உழைப்பு செலவாகிறது, ஆகவே ஒற்றைப் பிழையைத் திருத்தி அனுப்பாமல் அந்தக் கோப்பு முழுவதையும் படித்துப் பாருங்கள், ஒரு பிழை இருந்தால் அதே கோப்பில் இன்னும் சில இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். திருத்தவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பாதியில் எழுந்து போகாதே என்கிறார்கள்.

#4 வைகைக்கரை

இது புரிகிறது அண்ணா. அப்படியென்றால் எல்லாத் திட்டங்களிலும் ஒற்றைப் பிழை அனுப்பக் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#5 பனையோலை

இல்லை. பைத்தான் மொழியின் வழிகாட்டியில், ஆவணத்தில் எழுத்துப் பிழை போன்ற சின்னத் திருத்தம் என்றால் தனியாகப் பிழை அறிக்கை திறக்க வேண்டாம், நேரே புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்று இருக்கிறது. ஊருக்கு ஊர் வழக்கு வேறு. பங்களிப்பு விதிகள் என்று ஒரு கோப்பு ரெப்போவின் (திட்டத்தின் கோப்புக் களஞ்சியம்) முகப்பிலேயே இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதுவரை இணைக்கப்பட்ட ஆவணத் திருத்தங்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். எதை ஏற்கிறார்கள் என்பது விதியைவிட அதில் நன்றாகத் தெரியும்.

#6 மேன்பக்கம்

தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: பிழையைத் தேடிப் போனால் தொந்தரவு, படித்துக்கொண்டே போகும்போது தட்டுப்பட்டதைத் திருத்தினால் உதவி. இரண்டுக்கும் வேறுபாடு பேட்சை (அனுப்பிய திருத்தத்தை) பார்த்ததும் தெரிந்துவிடும்.

எழுத்துப் பிழை ஏன் முக்கியம் என்று கேட்டால், அசிங்கமாகத் தெரிகிறது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். எனக்கு அது மூன்றாவது காரணம். முதல் காரணம் தேடல். ஆயிரம் பக்கக் கையேட்டை யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை, சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள். சொல் தப்பாக எழுதப்பட்டிருந்தால், பதில் அந்தப் பக்கத்தில் இருந்தும் அவர்களுக்குக் கிடைக்காது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு பேட்ச் அனுப்புவது எப்படி என்ற வழிகாட்டியில், எவையெல்லாம் சின்னத் திருத்தங்கள் என்று நெடுநாள் ஒரு பட்டியல் இருந்தது. ஆவணங்களில் உள்ள எழுத்துப் பிழைகள் ஒன்று. அடுத்தது, கிரெப் கட்டளையால் தேடினால் சிக்காமல் போகும்படியான எழுத்துப் பிழைகள். கெர்னல்காரர்கள் அழகுக்காக அதை எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது காரணம், பொருள் மாறிப்போவது. ஒரு தேர்வு இயல்பாக 'இப்போது' இயங்கும் என்பதற்கும் இயல்பாக இயங்காது என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் (now, not) கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். எந்தத் திருத்தியும் கோடு போட்டுக் காட்டாது. பேக்கப் கருவியின் ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் யாரோ ஒருவருடைய தரவு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தக் கருவியை ஓடவிட்டு அந்த வரி சொல்வது நடக்கிறதா என்று பார்ப்பது. தம்பி, அது உங்கள் தொழில். நிரல் எழுதுகிறவரைவிட உங்களுக்கு அது நன்றாக வரும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பிழை. கட்டளைத் தேர்வுகளுக்கு முன்னால் வரும் சிறு கோடு இருக்கிறதே, அதை யாராவது வேர்டு போன்ற செயலியில் எழுதி ஒட்டினால் இரண்டு கோடுகள் சேர்ந்து ஒரு நீளக் கோடாகிவிடும். மேற்கோள் குறி வளைந்துவிடும். படிக்க அழகாக இருக்கும், டெர்மினலில் ஒட்டினால் பிழை என்று வரும். மேன் பக்கங்களில் இது பழைய தலைவலி. மூலத்தில் வெறும் கோடு போட்டால் அது சொற்களை இணைக்கும் கோடு, முன்னால் பின்சாய்வுக் கோடு சேர்த்தால்தான் கழித்தல் குறி. பல்லாண்டுகளாக எல்லோரும் வெறும் கோட்டையே போட்டுப் பழகிவிட்டார்கள். மேன் பக்கங்களை வடிவமைத்துக் காட்டும் கிராஃப் நிரலின் 2023இல் வந்த 1.23 பதிப்பு இந்த வேறுபாட்டைக் கறாராகக் காட்டத் தொடங்கியதும், மேன் பக்கத்தில் இருந்து நகலெடுத்த கட்டளைகள் ஓடவில்லை, தேர்வின் பெயரைத் தேடினால் கிடைக்கவும் இல்லை. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும்படி அமைப்பை மாற்றினார்கள். அது தற்காலிகத் தீர்வுதான். மூலப் பக்கங்களில் ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலை இன்னும் இருக்கிறது. ஆள் தேவை.

#7 சொற்கட்டு

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

பல திட்டங்களில் இடைமுகமும் ஆவணமும் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்க்கப்படுகின்றன. மூல ஆங்கில வாக்கியமே அங்கே சாவி. அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சாவி மாறிவிடும். அடுத்த முறை கோப்புகளைச் சேர்க்கும்போது, பழைய மொழிபெயர்ப்பு ஏறக்குறையப் பொருந்துகிறது, உறுதியில்லை என்று ஃபஸ்ஸி அடையாளம் விழும். ஃபஸ்ஸி ஆனவை இயல்பாக மென்பொருளுக்குள் போகாது. பயனர் திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கிலம் வந்து நிற்கும். தமிழுக்கு மட்டும் இல்லை, எத்தனை மொழிகளில் அந்த வரி இருக்கிறதோ அத்தனையிலும்.

ஆவணங்களில் இது இன்னும் மோசம். அங்கே ஒரு பத்தி முழுவதும் ஒரே அலகு. பைத்தான் ஆவணங்கள், டெபியனில் போ4ஏ என்ற கருவி கொண்டு மொழிபெயர்க்கப்படும் மேன் பக்கங்கள் எல்லாம் அப்படித்தான். நீங்கள் ஒரு காற்புள்ளியை நகர்த்தினால் எட்டு வரிப் பத்தி ஒன்று பல மொழிகளில் ஒரே நேரத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். தமிழ் போல ஆள் குறைந்த அணிகளில், அதை யாராவது பார்த்து அடையாளத்தை எடுத்துவிட அடுத்த வெளியீடு வரைகூட ஆகும்.

இதனால்தான் க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் சரங்களை (மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்களை) உறையவைக்கின்றன. அந்தக் காலத்தில் ஆங்கில வரியைத் தொட மொழிபெயர்ப்பு அணியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே தேவையான திருத்தத்தைச் செய்யுங்கள், ஆனால் வெளியீடு முடிந்த கையோடு செய்யுங்கள். மொழிபெயர்ப்பு அஞ்சல் குழுவில் ஒரு வரி போடுங்கள். பொருள் மாறாத திருத்தம் என்றால் எல்லா மொழிக் கோப்புகளிலும் மூல வரியைச் சேர்த்தே மாற்றி, ஃபஸ்ஸி விழாமல் செய்யத் தெரிந்தவர்கள் அணியில் இருப்பார்கள்.

#8 கருந்திரை

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிழையாகவே இருக்க வேண்டிய பிழைகளும் உண்டு.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று சொல்லும் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதில் ஓர் 'ஆர்' எழுத்து விட்டுப்போயிருக்கிறது. 1996 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே அப்படித்தான். யாரும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது, ஏனென்றால் அதற்குள் உலகத்தின் சர்வர்களும் உலாவிகளும் அந்தத் தவறான எழுத்துக்கூட்டலையே பேசத் தொடங்கிவிட்டன. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110இலும் அதே வடிவம்தான். பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி தலைப்பில் மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் விளக்கும் ஆவணத்தை, விவரம் தெரியாதவர் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் படிக்கிறவரின் நிரல் ஓடாது. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் அழைப்பில் கடைசி 'ஈ' இல்லாததும் இப்படித்தான். மறுபடி யூனிக்ஸ் செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் சொன்னதாகப் பரவலாகச் சொல்வார்கள்.

லாக் (நிகழ்வுப் பதிவு) செய்திகளும் அதே வகை. எங்கோ ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அந்தத் தப்பான வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கும். தலைப்புகளும் அப்படியே. மார்க்டவுன் பக்கங்களில் தலைப்பை வைத்துத்தான் இணைப்பு முகவரி உருவாகிறது. தலைப்பில் உள்ள பிழையைத் திருத்தினால், அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து கொடுத்த இணைப்புகள் பக்கத்தின் உச்சியில் போய் நின்றுவிடும். திருத்தலாம், ஆனால் பழைய நங்கூரத்தையும் விட்டுவைத்துத் திருத்த வேண்டும்.

#9 வைகைக்கரை

நிறையக் கற்றுக்கொள்கிறேன், நன்றி. கோட்ஸ்பெல் என்று ஒரு கருவி இருப்பதாக நண்பர் சொன்னார். அந்தத் திட்டத்தின் ரெப்போ மேல் ஓடவிட்டுப் பார்த்தேன். பட்டியல் பக்கம் பக்கமாக வருகிறது. தானாகவே திருத்தி எழுதும் வசதியும் இருக்கிறது. அப்படியே திருத்தி ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பலாமா? கோப்பு முழுக்கப் பார்க்கச் சொன்னீர்களே, இது ரெப்போ முழுக்கப் பார்த்த மாதிரி ஆகுமே.

#10 நிரல்வேலி

வேண்டாம் நண்பரே. கருவி நல்ல கருவிதான். அது அகராதியை வைத்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் சந்தேகப்படுவதில்லை, வழக்கமாக நடக்கும் தவறுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் பிடிக்கிறது. அதனால்தான் நிரல் நிறைந்த கோப்புகளிலும் ஓரளவு அமைதியாக வேலை செய்கிறது. கெர்னலிலும் இதே வகையில் ஒரு பட்டியல் கோப்பு உண்டு, ஒரு பக்கம் தவறு, ஒரு பக்கம் திருத்தம். டெபியனின் லின்டியன் என்ற சோதனைக் கருவியிலிருந்து எடுத்து வளர்த்தது. பேட்சைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து எச்சரிக்கும்.

ஆனால் பிடித்ததெல்லாம் பிழை ஆகாது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இவற்றைக் கழித்துவிடுங்கள்: வேறு திட்டத்திலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்த கோப்புகள் (அங்கே போய்த் திருத்த வேண்டும், இங்கே திருத்தினால் அடுத்த இறக்குமதியில் அழிந்துவிடும்), நிரலிலிருந்து தானாக உருவாகும் பக்கங்கள், சோதனைக்காக வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்த தரவு, பழைய வெளியீடுகளின் மாற்றக் குறிப்பு, நிரலில் வரும் மாறிகளின் பெயர்கள். உரிமக் கோப்பைத் தொடவே கூடாது. ஜிபிஎல் என்ற உரிமத்தின் உரையை மாற்ற அனுமதி இல்லை என்று அந்த உரையிலேயே எழுதியிருக்கிறது.

நிரலுக்குள் இருக்கும் குறிப்புரைகளைப் பற்றியும் யோசியுங்கள். அவற்றில் எழுத்தைத் திருத்தினால் பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுபோகும்போது வரிகள் பொருந்தாமல் மோதும். பயனர் படிக்கிற ஆவணத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கருவியைச் சரியாகப் பயன்படுத்தும் இடத்துக்கு, இணையவழி தரவு பரிமாறும் கருவியான கர்ல் திட்டத்தைச் சொல்வேன். ஆவணத்தில் மாற்றம் வந்தால் எழுத்துக்கூட்டல் சோதனை தானாக ஓடுகிறது. அவர்களுக்கே உரிய சொற்கள் தனிப்பட்டியலில் இருக்கின்றன. வேண்டாத சொற்களைப் பிடிக்கத் தனி ஸ்கிரிப்ட். மேன் பக்கங்களில் உள்ள எடுத்துக்காட்டு நிரல்களைத் தொகுத்துப் பார்க்கும் சோதனைகூட வைத்திருக்கிறார்கள். பிழை உள்ளே வரும் வாசலிலேயே நிற்கிற ஏற்பாடு. நீங்கள் பேக்கப் கருவிக்காரர்களிடம் ஐநூறு திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கொடுப்பதற்குப் பதில், இப்படி ஒரு சோதனையை அமைத்துத் தரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்றால் அது பெரிய பங்களிப்பு.

#11 பனையோலை

பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல்களை மாற்றி அனுப்பாதீர்கள். இரண்டும் சரியான ஆங்கிலம். திட்டத்துக்கென்று நடைக் கையேடு இருந்து, அது ஒன்றைச் சொன்னால் மட்டும் தொடலாம். வாக்கியங்களுக்கு நடுவே ஒரு இடைவெளியா இரண்டா, கடைசி 'மற்றும்' முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்பதும் இதே கணக்கில் சேரும்.

#12 வைகைக்கரை

ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். எழுத்துப் பிழை என்றால் அகராதி பார்த்து உறுதி செய்துகொள்கிறேன். இலக்கணம் என்று வரும்போது, வெளிநாட்டில் யாரோ எழுதிய ஆங்கிலத்தைத் திருத்த நான் யார் என்று தோன்றுகிறது. வாக்கியம் புரியவில்லை என்றால் தவறு என்னிடமா, வாக்கியத்திலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#13 சொற்கட்டு

தம்பி, அந்த ஆவணங்களை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி என்று நினைக்கிறீர்கள்? லினக்ஸைத் தொடங்கியவர் பின்லாந்துக்காரர். பைத்தானைத் தொடங்கியவர் நெதர்லாந்துக்காரர். கர்லைத் தொடங்கியவர் சுவீடன்காரர். ரூபி ஜப்பானில் பிறந்தது, அதன் ஆரம்பகால ஆவணங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் இருந்தன. கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் எழுதி, கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள்தான் இரு பக்கமும்.

நீங்கள் ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டி வந்தால், அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் 'அது' என்று வருகிறது, அதற்கு முன்னால் சர்வரும் இருக்கிறது, கிளையண்டும் இருக்கிறது, எது 'அது' என்று தெரியவில்லை. ஆங்கிலத்தைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார், ஏதோ ஒன்றை ஊகித்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் அங்கே நிற்பீர்கள். எங்களைப் போல மொழிபெயர்க்கிறவர்களும் அங்கேதான் நிற்போம். தமிழில் எழுத வேண்டுமென்றால் எது என்று தெரிந்தே ஆக வேண்டும், மழுப்ப முடியாது. நான் ஆங்கில மூலத்தில் பதிந்த பிழை அறிக்கைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

இப்படிப்பட்ட இடத்தில் திருத்தத்தை நேரடியாக அனுப்ப வேண்டாம். கேள்வியாக எழுதுங்கள். 'இந்த வாக்கியத்தில் மறுதொடக்கம் செய்ய வேண்டியது சர்வரையா, கிளையண்டையா?' என்று கேட்டால் யாரும் உங்கள் ஆங்கிலத்தை எடைபோட மாட்டார்கள். பதில் வந்ததும் அந்தப் பதிலையே வாக்கியமாக்கி அனுப்புங்கள்.

#14 மேன்பக்கம்

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். இலக்கணத் திருத்தத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நெறிமுறை ஆவணங்களில் 'வேண்டும்', 'நல்லது', 'செய்யலாம்' என்கிற அளவில் வரும் ஆங்கிலத் துணைவினைகளுக்கு 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 தனிப் பொருள் கொடுத்திருக்கிறது. பெரிய எழுத்தில் வந்தால்தான் அந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. அவற்றில் ஒன்றை, ஓசை நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றாக மாற்றினால் விதியே மாறிவிடும். அது இலக்கணத் திருத்தம் இல்லை, வடிவமைப்பு முடிவு.

ஆர்எஃப்சிகள் வெளிவந்த பிறகு ஒரு புள்ளிகூட மாறாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பிழை கண்டால் பிழைப் பட்டியலில் பதியலாம். தொழில்நுட்பப் பிழையா, எழுத்து சார்ந்த பிழையா என்று வகை கேட்பார்கள். வெறும் எழுத்துப் பிழை என்றால் பெரும்பாலும் அடுத்த திருத்தப் பதிப்புக்காக வைத்திருக்கிறோம் என்று குறித்துக்கொள்வார்கள். அதை நிராகரிப்பாக நினைக்க வேண்டாம். 

பேட்ச் போடும்போது ஒரு பழக்கம்: ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் பத்தியை மறுபடி மடித்து ஒழுங்குபடுத்தாதீர்கள். வரிகள் எல்லாம் நகர்ந்து, பத்து வரி மாறியதாகக் காட்டும். பார்க்கிறவர் எந்தச் சொல் மாறியது என்று தேட வேண்டும். லினக்ஸ் மேன் பக்கங்கள் திட்டத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். யூனிக்ஸ் முன்னோடிகளில் ஒருவரான பிரையன் கெர்னிஹான் 1974இலேயே சொன்ன அறிவுரை இது.

#15 இளவேனில்

இடையில் நுழைகிறேன். பக்கத்தை ஏஐயிடம் கொடுத்து இலக்கணம் திருத்தச் சொன்னால் நொடியில் முடிந்துவிடுமே? ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

#16 கருந்திரை

எனக்கு வரும் கோரிக்கைகளில் அப்படிப்பட்டவை கூடிக்கொண்டே போகின்றன, அதனால் தெளிவாகவே சொல்கிறேன். அது பிழையை மட்டும் திருத்தாது. வாக்கியங்களை வழுவழுப்பாக்கும். 'சில நேரம் தோல்வியடையும்' என்பது 'தோல்வியடையக்கூடும்' ஆகும். எச்சரிக்கையில் இருந்த ஒரு நிபந்தனை காணாமல் போகும். அதை அனுப்பியவர் கருவியை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஆக, முழுப் பக்கத்தையும் நான் மறுபடி சரிபார்க்க வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் பயன்படுத்தினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்களே பொறுப்பேற்று ஏன் என்று சொல்ல முடிந்தால், எனக்கு ஆட்சேபம் இல்லை. சில திட்டங்கள் ஏஐ உதவியைத் தெரிவிக்கச் சொல்கின்றன. அந்த விதியையும் பாருங்கள்.

#17 நிரல்வேலி

தமிழ் ஆவணங்களையும் யாராவது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மொழிபெயர்ப்புகளில் ஒற்றுப் பிழைகள் நிறைய. நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்திப் பிழை திருத்தியும் வாணி எழுத்துப் பிழை திருத்தியும் இணையத்திலேயே கிடைக்கின்றன.

#18 சொற்கட்டு

நல்ல நினைவூட்டல். ஒரே ஒரு எச்சரிக்கை. மென்பொருள் சரங்களில் கோப்புப் பெயர் வந்து உட்காரும் இடத்தில் ஒரு குறியீடு இருக்கும். அங்கே எந்தப் பெயர் வரும் என்று நமக்கே தெரியாது, திருத்திக்கு எப்படித் தெரியும்? வேற்றுமை உருபை அந்தக் குறியீட்டோடு ஒட்டவைத்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு விதமாக உடையும். 'என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டால் உருபு நம் சொல்லின் மேல் விழும், எந்தப் பெயர் வந்தாலும் நிற்கும். ஒற்றைச் சரி செய்வதற்கு முன் வாக்கியத்தை இப்படி மாற்றி அமைத்துவிடுங்கள்.

#19 வைகைக்கரை

அதே நிறுவல் பக்கத்தை முழுவதும் உட்கார்ந்து படித்தேன், ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்தபடியே. எழுத்துப் பிழைகள் சில இருந்தன. ஒரு கட்டளையில் இரண்டு கோடுகள் ஒரு நீளக் கோடாகியிருக்கின்றன, ஒட்டினால் ஓடவில்லை. இன்னொன்று: பழைய பேக்கப்களை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதற்கு இயல்பு அளவு அட்டவணையில் ஒன்று, கீழே விளக்கத்தில் வேறொன்று. கருவியை ஓட்டிப் பார்த்தால் அட்டவணையில் உள்ளதுதான் நடக்கிறது. பதிப்பு 2இல் மாற்றியிருக்கிறார்கள், விளக்கத்தை மாற்ற விட்டுவிட்டார்கள் என்று மாற்றக் குறிப்பிலிருந்து தெரிகிறது.

எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் மூன்று கமிட்டாக (தனித்தனி மாற்றப் பதிவாக) அனுப்பலாம் என்று இருக்கிறேன். முதல் கமிட் எழுத்துப் பிழைகள், இரண்டாவது கட்டளைக் கோடு, மூன்றாவது நாள் கணக்கு. சரியாக இருக்குமா?

#20 கருந்திரை

நாள் கணக்கைத் தனியாக எடுங்கள். அதற்கு முதலில் பிழை அறிக்கை. எந்தப் பதிப்பு, என்ன ஓட்டினீர்கள், என்ன கிடைத்தது, மாற்றக் குறிப்பில் எந்த வரி என்று எழுதுங்கள். அட்டவணைதான் சரி என்பது உங்கள் முடிவு. விளக்கம்தான் அவர்கள் விரும்பியது, நிரலில்தான் பிழை என்று இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர்கள் சொல்லட்டும். பழைய பேக்கப் எப்போது அழியும் என்கிற விஷயம், ஆகவே இதை முதலில் அனுப்புங்கள்.

மற்ற இரண்டும் ஒரே கோரிக்கையில் போகலாம். விளக்கத்தில், பக்கம் முழுவதையும் படித்துக் கட்டளைகளை ஓட்டிப் பார்த்தேன் என்று ஒரு வரி சேருங்கள். நான் பராமரிப்பாளராக இருந்தால் அந்த வரியைப் பார்த்ததும்தான் திறப்பேன்.

#21 சொற்கட்டு

அவர்களுடைய ஆவணம் எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? மொழிக் கோப்புகள் இருந்தால், கோட்டைத் திருத்தும்போது மற்ற மொழிப் பக்கங்களிலும் அதே கட்டளை அதே தவறோடு இருக்கும். கட்டளைக்கு மொழி கிடையாது, எல்லாவற்றிலும் நீங்களே மாற்றிவிடலாம்.

#22 வைகைக்கரை

ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் இருக்கின்றன அக்கா. மூன்றிலும் அதே நீளக் கோடுதான். சேர்த்தே மாற்றிவிட்டேன். பிழை அறிக்கையை இப்போதுதான் பதிந்தேன், கோரிக்கை இன்று மாலை போகும்.